காய்ந்த விறகின் கணக்கு

செவ்வாய்க் கிரகம், தெற்குக் கூடாரம்
குளிர்காலம், நாள் 41, காலை 6.00

காற்று சீர். அணு உலை நின்றபின் வீடுகளுக்குச் சவுக்கு விறகுதான் சூடு தருகிறது. அடுப்புப் புகையைக் குழாய்கள் தோப்புக்குக் கொண்டு செல்கின்றன, மரங்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. கொட்டகையில் விறகு பிளப்பது கோடாலியால். ஆகவே விறகுத் தயாரிப்பில் கரியமில வாயு வெளியீடு: பூஜ்யம். கையொப்பமிட்டேன்.

கொட்டகை விறகில் ஈரம். இன்றும் திருப்பி அனுப்பினேன். அரைகுறை வேலையை ஏற்பது என் வழக்கமன்று. கொட்டகையின் கதவிடுக்குகளை அடைத்து, ஈரக்காற்று புகாமல் பார்த்துக்கொள்ள உத்தரவிட்டேன்.

— டாக்டர் மார்கரெட் சவரிமுத்து, காற்றுப் பொறுப்பாளர்

நாள் 44, காலை 6.10

கொட்டகைத் தலைவி ஜெசிந்தா வானொலியில்: "டாக்டரம்மா, இந்தத் தடவை குத்தம் கண்டுபிடிச்சா வெறகே அழுதுரும்."

புதிதாக வந்த விறகைத் தட்டினால் கணீரென்றது. ஏற்றேன். பாராட்டவும் செய்தேன்.

கூடாரக் காற்றில் கரியமில வாயு சற்று அதிகம். கருவிக் கோளாறாக இருக்கலாம். மாற்றிவிட்டேன்.

நாள் 47, மாலை 5.40

புதிய கருவியும் அதையே சொல்கிறது. வீட்டு அடுப்புகள் அனைத்தையும் சோதித்தேன். கசிவு இல்லை. விறகு எப்படி இவ்வளவு விரைவில் காய்கிறது என்று ஜெசிந்தாவைக் கேட்டேன்.

"பட்டையையும் செராயையும் உள்ளயே எரிச்சுக் காய வைக்கிறோம். நீங்க திருப்பித் திருப்பி அனுப்பினதுல வீட்ல அடுப்பில்லாம பிள்ளைங்க வெறைச்சுப் போச்சு. இங்க கதகதன்னு இருக்கவும் எல்லாரும் இங்கயே படுத்துக்கிறோம். தலவலி மட்டும் விட மாட்டேங்குது."

கொட்டகையில் புகைக்குழாய் இல்லை; நச்சு வாயு உள்ளேயே தேங்கும். இடுக்குகளை அடைக்கச் சொன்னவள் நான். என் கணக்கு வீட்டு அடுப்பில் தொடங்கியது. அதற்கு முன் என்ன எரிந்தது என்று நான் கேட்கவேயில்லை.

நெருப்பை அணைத்துக் கதவைத் திறக்கச் சொன்னேன்.

"சரிங்கம்மா. பெரியவங்கள எழுப்பிட்டு..."

தொடர்பு நிற்கவில்லை. அவள் மூச்சு கேட்கிறது. பேச்சு இல்லை. கடப்பாரையோடு கிளம்புகிறேன்.

நாள் 47, மாலை 6.05, குரல் பதிவு

கொட்டகை வாசல். கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. இடுக்கில் தார் பூசியிருக்கிறார்கள். நகம் நுழைய இடமில்லை. குறை சொல்ல முடியாத வேலை.

ஜெசிந்தா. கதவைத் திறம்மா.

நெம்புகிறேன். அசையவில்லை. இதைக் கேட்பவர்கள் அந்தப் பூஜ்யத்தை அடித்துவிடுங்கள். உள்ளே பதினோரு பேர். பெயர்கள் எனக்கு... ஜெசிந்தா பெயர் மட்டும்தான் தெரியும்.

உள்ளே பட்டை வெடிக்கிற சத்தம் கேட்கிறது. வேறு எதுவும் கேட்கவில்லை.