கலா கல்யாணத்துக்கு மாரிமுத்து போகவில்லை

28 ஆகஸ்ட் 1984, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். அடுப்படிக் கூரையில் ஒழுக்கு, தகரம் மாற்ற வேண்டும். வாங்க: மண்ணெண்ணெய், வெங்காயம், சவர்க்காரம்.

மாரிமுத்துவுக்குத் தபாலில் மகள் கலாவின் கல்யாணப் பத்திரிகை. மனைவி பாக்கியம் அனுப்பியது. வரும் ஞாயிறு, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில். அங்கே ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போட்டாகிவிட்டது; கோயிலும் தொழிலாளர் லய வீடுகளும் மட்டும் மிச்சம். பத்திரிகையில் தன் பெயர் இருக்கும் இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான்.

தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இங்கே வந்தவன். அப்போது சம்சு சாராயம் குடித்துக் குடித்துக் கையில் கிளாஸ் நிற்காது. இப்போது மரக்கடையில் வேலை. ஈப்போவில் இந்த வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் குடியால் கெட்டவர்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் விட்டவர்கள். முதலில் வந்தவன் நான் என்பதால் எதற்கும் என்னிடம்தான் கேட்பார்கள். அவனும் கேட்டான்:

"போலாமாண்ணே?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

30 ஆகஸ்ட், வியாழன்

சாப்பிட்டபின் ஐவரும் உட்கார்ந்து பேசினோம். வியாழன்தோறும் வழக்கம். கோபால்தான் ஆரம்பித்தான்: "சொந்த மக கல்யாணம்லா. போவட்டும்ணே."

நான்: "கல்யாண வீட்டுல பின்பக்கம் போத்தல் இல்லாம இருக்குமா? மச்சான் மாமன்னு ஆளுக்கொரு கிளாஸ் நீட்டுவானுங்க. ஒண்ணு தொட்டா முடிஞ்சுச்சு."

மாரிமுத்து தரையையே பார்த்தபடி. "அண்ணே சொன்னா சரி. நான் போவல."

மற்றவர்கள் பாயை விரித்துக்கொண்டு படுத்துவிட்டார்கள்.

2 செப்டம்பர், ஞாயிறு

வீட்டிலேயே இருந்தான். துணி துவைத்தான், எங்கள் துணியையும் சேர்த்து. முகூர்த்த வேளையில் சோப்புக் கையோடு வந்து கடிகாரத்தின் முன்னால் நின்றான்.

சாம்பார் என் முறை. உப்பு கூடிவிட்டது.

அவன் குடிக்கவில்லை. நல்லதுதானே. ஏன் நல்லதாகத் தோன்றவில்லை?

7 செப்டம்பர், வெள்ளி

வேலைக்குப் போகவில்லை, எனக்குக் காய்ச்சல். மத்தியானம் பாக்கியம் வந்தாள். மாரிமுத்து மரக்கடையில். உட்காரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

"நீங்கதானாண்ணே அவர போவ வேணாம்னு சொன்னது?"

"ஆமாம்மா. திரும்பக் குடிச்சிருவானோன்னு..."

"எங்கண்ணன்தான் தாரை வார்த்துக் குடுத்தாரு. புள்ள வாசலையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நீங்க கூட வந்திருக்கலாம்லா? பக்கத்துல ஒரு ஆளு உக்காந்திருந்தா அவரு தொட்டிருப்பாரா?"

அதிரசமும் முறுக்கும் கொண்டுவந்திருந்தாள், எல்லோருக்கும். படியில் வைத்துவிட்டுப் போனாள்.

8 செப்டம்பர், சனி

காய்ச்சல் விட்டது. தூக்கம் இல்லை.

புதிதாக வந்தவனை மருந்துக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டோம். கூட ஒருவர் போவார். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவனே நான். கல்யாணத்துக்கு மட்டும் எப்படித் தோன்றாமல் போயிற்று?

தோன்றியது. அதுதான் உண்மை. வியாழனன்று வாயைத் திறக்கும் முன்பே தோன்றியது. மேளச் சத்தம், பந்தி முடிந்ததும் மரத்தடியில் ஆட்கள் கூடுவது, அந்த வாடை. என்னால் தாங்க முடியுமா என்று பயம். என் பயத்தை அவன் தலையில் கட்டிவிட்டேன்.

சாயந்திரம் மாரிமுத்துவிடம் முழுவதும் சொன்னேன். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான், கடிக்கவில்லை. அதைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னான்:

"எனக்கும் பயம்தாண்ணே. நீங்க வேணாம்னதும் அப்பாடான்னு இருந்துச்சு. மக கல்யாணத்துக்குப் போவ வேணாம்னா எந்த அப்பனுக்காவது அப்பாடான்னு இருக்குமா?"

திட்டியிருந்தால் தேவலை.

16 செப்டம்பர், ஞாயிறு

மாரிமுத்துவும் நானும் சித்தியவான் போய் வந்தோம். கலா வாழ்க்கைப்பட்டது அங்கேதான். பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கால் வலி இன்னும்.

மருமகன் மீன் லாரி ஓட்டுகிறவர், மரியாதையான ஆள். விவரம் தெரியாமல், "மாமா, பீர் வாங்கியாரட்டுமா?" என்றார். மாரிமுத்து முந்திக்கொண்டான்:

"வேணாம் மாப்ள. கோப்பி போதும். அண்ணனுக்கும் கோப்பிதான்."

கலா கோப்பியை வைத்துவிட்டுக் கதவோரமாக நின்றாள். அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக, "குடிச்சிட்டு வந்திருந்தாக்கூட ஒண்ணும் சொல்லிருக்க மாட்டேம்பா" என்றாள்.

"நான்தாம்மா தடுத்தேன்" என்றேன். என் பக்கம் திரும்பவில்லை. நான் அங்கே இல்லாதது போல.

உள்ளே போய் ஆல்பம் எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். பக்கம் பக்கமாகப் பார்த்தான். இது யாரு, அது யாரு என்று மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டுக்கொண்டே வந்தான். தாரை வார்க்கும் படம். அவன் நிற்க வேண்டிய இடத்தில் பாக்கியத்தின் அண்ணன். அதற்கு மேல் அவன் திருப்பவில்லை. கலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளே திருப்பினாள்.

திரும்பும்போது இடம் கிடைத்தது. ஈப்போ நெருங்கும்போது மாரிமுத்து வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"தாலி கட்டுறப்ப அங்க நல்ல மழையாம்ணே. இங்க அப்ப வெயிலு, துணியெல்லாம் காஞ்சிருச்சு."