ஏழு நாள் பட்டினி

அன்புள்ள அக்காவுக்கு,

தலையில் போட்ட தையலைப் பிரித்துவிட்டார்களாமே. வார்டு வாசல் வரை இரண்டு முறை வந்தேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவது?

பட்டினியால் எனக்குச் சர்க்கரை இறங்கியது, முட்டிவலி குறைந்தது, அதெல்லாம் நிஜம். ஏழு நாள் இருந்தேன் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டேன். நீயும் ஆரம்பித்தாய். நீயோ சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். அதோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுமாம்; டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

நான்காம் நாள் உனக்குத் தலை சுற்றியதாம். சாப்பிடச் சொல்லி அத்தான் கெஞ்சியதற்கு, "தம்பியே ஏழு நாள் தாங்கினானே, எனக்கென்ன?" என்றாயாம். மறுநாள் குளியலறையில் விழுந்தாய்.

அக்கா, எனக்கும் நான்காம் நாள் தலை சுற்றியது. நான் வேலை பார்க்கும் பட்டறையில் நின்ற லாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டைத் தின்று தீர்த்தேன்.

உன் வாய்ச்சவடால் தம்பி