காசிமிரோ தூங்கவில்லை

சான் ரோக்கே
2 ஜூன் 1986

அன்புள்ள அம்மா,

நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. கை குட்டை. நான் வளர்ந்துகொண்டிருப்பதை லிமாவில் இருந்துகொண்டு மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

இன்று தண்ணீர் லாரி வரிசையில் காசிமிரோவின் மனைவி தோமசா என் பின்னால் வந்து நின்றாள். நான் வழக்கம்போல வாளியோடு தள்ளிப் போனேன். சுக்கானைப் பிடித்தபடி தூங்கி, படகைப் பாறையில் மோதவிட்டு, அப்பாவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் நீந்திக் கரைசேர்ந்தவனின் மனைவி அல்லவா?

அவள் கத்தினாள்: "இன்னும் எத்தன நாளைக்குடி மூஞ்சியத் திருப்புவ? என் புருஷன் தூங்கவே இல்ல! உங்க வீட்டுக்காக வாயக் கட்டிக்கிட்டுக் கெடக்கான். போய் உங்காத்தாவக் கேளு!"

கேட்கிறேன், அம்மா.

உன் மகள்,
நெலிடா

லிமா
9 ஜூன்

என் கண்ணு நெலிடா,

தோமசாவின் வாய் ஊரறிந்தது. அவளோடு மல்லுக்கு நிற்காதே. பரீட்சைக்குப் படி. இங்கே ஒரே பனிமூட்டம். துணி காய்வதே இல்லை. முதலாளியம்மாவின் பேத்திக்குத் திருமணம், அடுப்படியை விட்டு நகர முடியவில்லை. அத்தை சொல் கேட்டு நட.

முத்தங்களுடன்,
அம்மா

சான் ரோக்கே
14 ஜூன்

அம்மா,

துணி காயவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது அதுவல்ல.

அதனால் காசிமிரோவிடமே போனேன். அவரை எந்தப் படகிலும் ஏற்றுவதில்லை. சாலை வேலையில் கல் உடைக்கிறார். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு நின்றுகொண்டே பேசினார். "உங்கம்மா சொல்லட்டும் பாப்பா. நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

எனக்குப் பதினாறு வயது. சொல்லிவிடு.

நெலிடா

லிமா
20 ஜூன்

மகளே,

உன் பதினைந்தாம் பிறந்தநாளுக்கு ஊரையே கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாயே, நினைவிருக்கிறதா? விருந்துக்குக் களவா மீன்தான் வேண்டும் என்று அப்பா கிளம்பினார். அது பாறைத்தீவை ஒட்டித்தான் கிடைக்கும். "வேணாண்ணே, அல பெருசா இருக்கு" என்று காசிமிரோ கெஞ்சியிருக்கிறான். அப்பா அவனிடமிருந்து சுக்கானைப் பிடுங்கித் தானே பாறைப்பக்கம் திருப்பினார்.

கரைக்கு வந்த காசிமிரோ என்னிடம் தனியாகச் சொன்னான்: "பாப்பா தன்னாலதான்னு நெனச்சு நெனச்சு உருகிடும்க்கா. நான் கண்ணசந்துட்டேன்னு சொல்லிடுறேன்." நான் சரி என்றேன். ஊர் அவனை இப்படி ஒதுக்கும் என்று நினைக்கவில்லை. ஒதுக்கிய பிறகு வாய் திறக்கத் துணிவில்லை. அவன் முகத்தில் விழிக்க முடியாமல்தான் லிமாவுக்கு வேலைக்கு வந்தேன்.

உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. என்னைத் திட்டிக்கொள். ஆனால் இது நம்மோடு இருக்கட்டும்.

அம்மா

சான் ரோக்கே
30 ஜூன்

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகாமல் படுத்தே கிடந்தேன். நான் விருந்து கேட்காமல் இருந்திருந்தால்? அழுது அழுது கடைசியில் ஒன்று புரிந்தது. விருந்து கேட்டது நான். பாறைக்குப் போகச் சொன்னது நான் இல்லை.

நேற்று மீனவர்களின் காவலர் சான் பெத்ரோவின் திருவிழா. புனிதரின் சிலையைப் படகில் ஏற்றும் முன், கடலில் மாண்டவர்களின் பெயரைக் குடும்பத்தார் சொல்லும் நேரம் வந்தது. அப்பா பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை.

"சுக்கான் அப்பா கையிலதான் இருந்திச்சு. என் பொறந்தநாளுக்குக் களவா புடிக்கப் போனாரு. காசிமிரோ மாமா தூங்கல!"

கூட்டத்தின் ஓரத்திலிருந்து காசிமிரோ வேண்டாம் என்று தலையசைத்தார். அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "செத்த மனுஷன அசிங்கப்படுத்துறியேடி, பாவி!"

"அவரு என்மேல வச்ச பாசம் பொய்யில்லத்தே. ஆனா தப்பு அவரோடது. அத இன்னொருத்தர் எதுக்குச் சுமக்கணும்?"

பிறகு புனிதரின் படகிலிருந்து கிழட்டு மீனவர் ஒருவர் காசிமிரோவை நோக்கிக் கை நீட்டினார். காசிமிரோ படகில் ஏறினார்.

அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும். எனக்கு அப்பாமேல் வெறுப்பு இல்லை. உன்மேலும் இல்லை. நீ ஒளிந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன் மகள்,
நெலிடா

லிமா
8 ஜூலை

நெலிடா,

முதலில் உன்மேல் கோபம்தான் வந்தது. உன் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவி நீவிப் படித்தேன்.

வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நேராக நம் வீட்டுக்கு வரமாட்டேன்; முதலில் தோமசா வீட்டுக்குப் போக வேண்டும். பஸ் நிற்குமிடத்துக்கு வந்துவிடு, மகளே. அந்தக் கதவைத் தட்டும்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அம்மா