எதிலிருந்து எடுத்த நகல்

புனே, 12.8.2007

அன்புள்ள நைனாவுக்கு, ஜோதிலட்சுமி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தைக் கடைசியில் கேட்கிறேன்.

போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து. இங்கே செய்த திருத்தங்களை மட்டும் 'பேட்ச்' என்று அனுப்புவார்கள். அன்று வந்ததில் இரண்டு வேலை: ஒரு ஃபைலில் ஒரு வரியை மாற்ற வேண்டும், மாற்றுவதற்கு முன்பிருந்தபடியே அதற்கு ஒரு நகலும் எடுக்க வேண்டும். அதற்கு நான் எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் நகலிலும் வரி மாறியிருந்தது. பக்கத்து சீட்டில் இருக்கும் பழவேற்காட்டு அப்ரார்தான் கை வைத்துவிட்டான் என்று இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. கடைசியில் அவனே அந்தப் புரோகிராமைத் திறந்து காட்டினான்.

"என் மேல இன்னாத்துக்கு டவுட்டு? நீதான் மொதல்ல மாத்திட்டு, அப்பால காப்பி எடுக்கச் சொல்லிக்கினு கீற."

தப்பு என்னுடையதுதான். ஆனால் சந்தேகப் புத்தி போகவில்லை. உங்கள் கடைசி மூன்று கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். "அம்மா நலம். முருங்கை காய்த்திருக்கிறது. வேளைக்குச் சாப்பிடு." தேதியைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. காலை பத்து மணிக்கு ஃபோன் செய்தாலும் "அம்மா தூங்கினு கீது" என்கிறீர்கள். நீங்கள் வேலைக்குப் போகும் கும்மிடிப்பூண்டி ரயிலில் பதினைந்து நாளாக உங்களைக் காணோம் என்கிறார் அப்ராரின் அண்ணன்.

எங்கள் வேலையில் நகல் பழையதிலிருந்துதான் வர வேண்டும். வீட்டுக் கடிதத்தில் அப்படி வேண்டாம், நைனா.

சாம்பார்ப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். பார்சல் மேல் விலாசத்தை அம்மா எழுதட்டும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது. அம்மா கையெழுத்தைப் பார்த்து நீங்கள் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

ஜோதி