பத்தொன்பது மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அண்ணனும் சுகம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். வயிற்றில் கட்டி, வியாழக்கிழமை ஆபரேஷன், அம்மாவிடம் சொல்லாதே என்று அண்ணனிடம் சத்தியம் வாங்கினாயாமே. அவன் ரெண்டு நாள்கூடத் தாங்கவில்லை, சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்தவனை ஒரு அதட்டுப் போட்டதும் கொட்டிவிட்டான், அவனைத் திட்டாதே. நேற்று போனில், "எட்டாயிரத்து நானூறு கிலோமீட்டர்மா, வீங்குற காலை வச்சுக்கிட்டு எப்படி வருவே" என்று கேட்டாயே தவிர என்னைப் பதில் பேச விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், அண்ணன் இதைப் படம் பிடித்து அனுப்புவான்.

டிக்கெட் எடுத்தாயிற்று. போன வருஷம் நீ வாங்கித் தந்த விசா இன்னும் நாலு மாசம் செல்லும். வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் அன்றைக்கே ராத்திரி எட்டரை மணிக்கு அங்கே இறங்கலாம் என்று போட்டிருந்தது, வெறும் பதினாலரை மணி நேரம்தானா என்று சந்தோஷப்பட்டேன். அண்ணன் சிரித்துவிட்டு, "அது அந்த ஊர் கடிகாரம்மா, நாலரை மணி நேரத்தைச் சேர்த்துக்கோ" என்றான். சேர்த்துக்கொண்டேன். முதல் விமானம் ஏழு மணி நேரம், நடுவில் நாலு மணி நேரம் காத்திருப்பு, அடுத்தது எட்டு. இருபத்தாறு வருஷமாகத் தையல் மெஷினில் சட்டைக் காலர் தைக்கிறவளுக்கு உட்காருவது புதுசா? ஆனாலும் போன ஞாயிற்றுக்கிழமை முன்னறையில் நாற்காலியைப் போட்டு ஏழு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், டாக்டர் சொன்னபடி மணிக்கு ஒரு தரம் எழுந்து அடுப்படி வரை நடந்தேன், கால் வீங்கவில்லை. சூப்பர்வைசர், வேலை நெருக்கடி, மூன்று வாரம் லீவு தரமுடியாது என்றார். "கேக்க வரலை சார், சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

பாப்பா, அப்பாவுக்கு முடியாமல் போனபோது நான்தான் உன்னிடம் சொல்லத் தாமதித்தேன், பயப்படுவாய் என்று. நீ கிளம்பி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வீடு கழுவி விட்டிருந்தோம். வாசலில் நின்று நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். நீ வந்து சேர வேண்டிய அந்தப் பத்தொன்பது மணி நேரத்தை உனக்கு மிச்சம் வைக்காதவள் நான். இந்தத் தடவை மூன்று நாள் முன்னாலேயே வந்து நிற்பேன். நீ கண் விழிக்கும்போது கட்டில் பக்கத்தில் யாரோ ஒரு சிநேகிதி இருந்தால் போதாது.

தைரியமாக இரு, வேளைக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒரே பையில் போட்டு வை. விமான நிலையத்துக்கு நீ அலையாதே, விலாசத்தைப் பெரிய எழுத்தில் அனுப்பு, டாக்ஸிக்காரரிடம் காட்டிக்கொள்கிறேன். உனக்கு ஒரு குறையும் வராது, நூறு வயசு இருப்பாய். இதற்கும் வேண்டாம் என்று பதில் எழுதத் தோன்றினால் எழுதி மேஜையில் வை, வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெட்டி கட்டிவிட்ட உன் அம்மா