அவளும் வந்தால்தான் நான் போவேன்

இன்று காலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பிரிக்பீல்ட்ஸில் நாம் வழக்கமாகப் போகும் ரொட்டி சானாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். கல்லில் மார்ஜரின் உருகும் வாசனை. முன்னால் ஆற்றிய டீ, ஒரு தே தாரிக். கையில் போன். அமெரிக்க பேஸ்பால் அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள இன்றுதான் கடைசி நாள். அங்கே மாலை ஆறு, நமக்குக் காலை ஆறு.

ஒரு மாதமாக, பந்து வீசும் பிட்சர் ஒருவன் என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடம் பாக்கி, அணி கண்டுகொள்ளவேயில்லை. இன்னொருவர் கதையே வேறு. வயதானவர், ஒரே அணியில் வருடக்கணக்காக ஆடியவர். அவரை அனுப்ப அணி முடிவு செய்தது. அவரோ அந்த ஊருக்குப் போகமாட்டேன், இந்த ஊர் என்றால் போகிறேன் என்றார். ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அவர் கேட்ட ஊரே கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. நான் கத்திய கத்தலில் ரொட்டி வீசிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். அதற்குள் என் விரல் உன் பெயரை அழுத்தியிருந்தது.

நீ போய் ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. அந்த நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. ஒரு ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

பேஸ்பால் மாதிரியே இருக்கும் சாப்ட்பாலை நாம் ஆட ஆரம்பித்தது பள்ளியில். நீ பந்து வீசுவாய், நான் பிடிப்பேன். பிறகு நான் சுங்கை வே தொழிற்சாலைக்கும் நீ வக்கீல் ஆபீஸுக்கும் போனோம். அங்கே ஒப்பந்தங்களை டைப் அடித்து அடித்து உனக்கு அதில் ஒரு பைத்தியமே பிடித்தது. பேஸ்பால் செய்தியில் மற்றவர்கள் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். நீ யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்ப்பாய். வீட்டில் அப்பாவோடு யாழ்ப்பாணப் பேச்சு, எங்களோடு நம்ம ஊர்ப் பேச்சு, ஒப்பந்தம் என்று வந்தால் மட்டும் ஒரு வழக்கறிஞரின் குரல்.

பெண்கள் அணிகள் ஆறு சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் ஆரம்பித்தபோது விதிப் புத்தகம் எழுத உன்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் அப்போது வேலை நேரம் ஒத்துவராமல் விலகியிருந்தேன். நீ எழுதிய விதிப்படி, ஓர் அணிக்குக் கையெழுத்துப் போட்டால் இரண்டு சீசன் அந்த அணிக்குத்தான் ஆட வேண்டும். நடுவில் இரண்டு அணி மேனேஜர்களும் சம்மதித்தால் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம், அதுவும் குறித்த சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள். கடைசியாக ஒன்று சேர்த்தாய்: ஒரே அணியில் ஐந்து சீசன் ஆடியவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்பக்கூடாது. அமெரிக்காவில் பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்தும் ஒரே அணியில் இருந்தவருக்கு இந்த உரிமை உண்டு என்று நீ விளக்கினாயாம். சம்பளமே இல்லாத நம்மை யாரு மாத்தப் போறாங்க லா என்று எல்லோரும் சிரித்தார்களாம்.

நான் நம் பிரிக்பீல்ட்ஸ் அணியில் சேர்ந்தபோது நீ அங்கே ஐந்து சீசன் முடித்திருந்தாய். எனக்கு உன் பந்தைப் பிடிக்கத்தான் ஆசை. ஆனால் மேனேஜர் ஜெயா அக்காவின் தங்கை புஷ்பாவும் கேட்சர். ஜெயா அக்கா கெட்டவர் இல்லை. பூக்கடை வருமானத்தில் எங்களுக்கு ஜெர்சி வாங்கித் தந்தவர். ஆனால் ஒன்றரை சீசன் நான் பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் கால் கவசத்தைக் கட்டுவேன், ஆட்டம் முடிந்ததும் மண் படாமலே அவிழ்ப்பேன்.

அதனால் ஒரு கடிதம் எழுதினேன். என்னைக் கிள்ளான் அணிக்கு மாற்றுங்கள் என்று. அவர்களுடைய கேட்சருக்கு முழங்கால் போயிருந்தது எனக்குத் தெரியும். ஜெயா அக்கா அதைப் படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். இரண்டு சீசனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், முடியட்டும் பார்க்கலாம் என்றார்.

உன்னிடம் வந்து கொட்டினேன். நீ என் பக்கம் நிற்பாய் என்று நினைத்தேன். நீ யோசித்துவிட்டுச் சொன்னாய்: "கேக்கறது உன் இஷ்டம். குடுக்கறது அவங்க இஷ்டம். விதி அவ்ளோதான் டி."

"நீ எழுதுன விதிதானே என்னைக் கட்டிப் போட்டிருக்கு," என்றேன். இரண்டு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. பயிற்சிக்கு வந்தால் நீ ஒரு மூலை, நான் ஒரு மூலை.

ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அந்த சீசனின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. நாலு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறேன், உன்னிடமிருந்து ஏழு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டேன், இரண்டு வாரம் கழித்து உன் குரல். உடனே பிரிக்பீல்ட்ஸ் வா, மழை வரப்போகுது, பைக்கில் வா, பஸ்ஸை நம்பாதே என்று மூச்சு விடாமல் சொன்னாய். காரணம் சொல்லவில்லை.

நனைந்துபோய் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து இருபது. பூக்கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஜெயா அக்காவும் கிள்ளான் மேனேஜர் ஃபரீடாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆட்டக்காரர்களை மாற்றும் படிவம். நீ மேசையின் தலைப்பக்கம், ஆபீஸ் சட்டையில், பேனாவோடு.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. கிள்ளான் கேட்டது என்னை இல்லை, உன்னை. நன்றாக அடிக்கிற இரண்டு பேரைத் தருகிறோம், பிட்சரைக் கொடுங்கள் என்று ஃபரீடா கேட்டிருக்கிறார். நம் அணியில் அடிக்க ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். ஜெயா அக்கா மனசு கேட்காவிட்டாலும் சரி என்று சொல்லிவிட்டார். ஆனால் நீ ஐந்து சீசன் ஆடியவள். உன் சம்மதம் வேண்டும். எல்லோரும் சிரித்த அந்த விதி அன்றுதான் முதல்முறையாக மேசைக்கு வந்தது.

நீ என்னைப் பார்க்காமல் ஜெயா அக்காவைப் பார்த்துச் சொன்னாய்: "நான் போறேன் அக்கா. ஆனா அவளும் வந்தாதான் நான் போவேன்."

ஜெயா அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு பேருக்கு இரண்டு பேர், கணக்கு சரிதானே என்று ஃபரீடா மலாயில் கேட்டார். புஷ்பாவுக்கு அடிபட்டால் யார் பிடிப்பது என்று ஜெயா அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கும் நீ வழி வைத்திருந்தாய்: வருகிற இருவரில் ஒருத்தி பள்ளியில் கேட்சராக ஆடியவள். ஐந்து நாற்பதுக்கு ஜெயா அக்கா பேனாவை எடுத்தார்.

"இருங்க அக்கா," என்று நீ தடுத்தாய். "அவளுக்கு அந்த உரிமை இன்னும் வரலதான். இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைமுடியிலிருந்து தண்ணீர் மேசையில் சொட்டியது. போகிறேன் என்று தலையை ஆட்டினேன். ஜெயா அக்கா கையெழுத்துப் போட்டார். அம்பாங்கில் இருக்கும் லீக் செயலாளருக்குப் படிவத்தைப் படம் பிடித்து அனுப்பினோம். முதல் படம் மங்கல். இரண்டாவது படம் மழையில் லைன் கிடைக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நீ போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடு ரோட்டுக்கே போய்விட்டாய். ஐந்து ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது: கிடைத்தது. அந்த மழையில் நாம் இருவரும் கட்டிக்கொண்டு குதித்ததை ஜெயா அக்கா கடை வாசலில் நின்று பார்த்தார். கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவர் இரண்டு பேருக்கும் மல்லிகைச் சரம் கொடுத்து அனுப்பினார்.

மூன்று வாரத்தில் கிள்ளான் பாடாங்கில், அந்த ஊர் மைதானத்தில், பிரிக்பீல்ட்ஸோடு ஆட்டம். கடைசிச் சுற்று, நாம் ஒரு ஓட்டம் முன்னால். அவர்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஒருத்தி ஓடத் தயாராக நிற்கிறாள். அடிக்க வந்தவள் புஷ்பா. இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, இன்னொன்று தவறினால் அவளும் அவுட். எந்தப் பந்தை வீசுவது என்று நான் காட்டிய சைகைக்கெல்லாம் நீ தலையாட்டி மறுத்தாய். ஆட்டத்தை நிறுத்தி உன்னிடம் நடந்து வந்தேன். என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டேன்.

"நான் பயந்துட்டேன் டி," என்றாய். அதுவரை நீ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "நீ சொல்லு. நான் வீசுறேன்."

மெதுவான பந்து கேட்டேன். புஷ்பா வேகத்தை எதிர்பார்த்து முன்கூட்டியே மட்டையைச் சுழற்றினாள், தவறவிட்டாள். ஆனால் பந்து என் கைக்கு வருமுன் தரையில் குத்தியது. அப்படிக் குத்தினால், நான் பந்தால் அவளைத் தொடும் வரை அவள் அவுட் இல்லை, அவள் ஓடலாம். மூன்றாவது பேஸிலிருந்தவளும் ஓடி வருகிறாள். நான் முழங்காலில் விழுந்து நெஞ்சால் பந்தைத் தடுத்தேன். அது ஒரு அடி தள்ளி உருண்டது. பாய்ந்து எடுத்து, இரண்டு எட்டு வைத்துவிட்ட புஷ்பாவின் முதுகில் ஒற்றினேன். அம்பயர் கையைத் தூக்கினார். ஒன்றரை சீசன் மண் படாமல் கிடந்த என் கவசத்தில் அன்று கிள்ளான் சேறு முழுக்க இருந்தது.

இறுதியாட்டத்தில் நாம் தோற்றோம். அது எனக்கு இப்போது சரியாக நினைவில்கூட இல்லை.

பிரிக்பீல்ட்ஸை வென்ற அன்று ரயிலில் திரும்பும்போது, உனக்கு எதற்கு இந்த வேலை, நீ ஆரம்பத்திலிருந்து ஆடிய அணியை விட்டுவிட்டு வந்தாயே என்று கேட்டேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாய்: "எனக்கு அந்த உரிமை வந்து எவ்ளோ நாளாச்சு. சும்மா அலமாரில வச்சிருந்தேன். வச்சே இருந்தா பட்டுச்சேலைகூட மடிப்புலயே கிழிஞ்சிடும்." பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாய். ஷா ஆலம் தாண்டி, சுபாங் தாண்டி, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நான்கு சீசன் உன் பந்தைப் பிடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று உன் அண்ணன் போன் பண்ணினார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன்னை எடுத்துப்போன அன்று ஜெயா அக்கா இரண்டு அணியின் பெண்களையும் வரிசையாக நிறுத்தி, எல்லோர் கையிலும் பூ கொடுத்தார்.

நான் இந்த சீசனும் ஆடுகிறேன். புதிய பிட்சர் நல்ல வேகம். அவளைத் திட்டும்போது என் வாயில் உன் வார்த்தைகள் வருகின்றன. இடது கை ஆள்காட்டி விரலின் அடிமூட்டு தடித்துப்போய் நிரந்தரமாக வீங்கியிருக்கிறது. உன் வேகப்பந்து பத்தாயிரம் முறை வந்து விழுந்த இடம். காலையில் விரலை மடக்கினால் வலிக்கும். டீ கிளாஸைத் தூக்கும்போது வலிக்கும். இதோ, இதை எழுதும்போது காகிதத்தை அழுத்திப் பிடித்திருப்பதும் அந்த விரல்தான்.