பதினொரு வேங்கை உத்தரங்கள்

செவ்வாய், மரப்பண்ணை நிலையம். எழுதுவது இசக்கியப்பன், மரம் உலர்த்துபவன்.

நாள் 1098, 07:10
சூளை 45 டிகிரி. உள்ளே பதினொரு வேங்கை உத்தரங்கள். ஈரம் 38 சதவீதம். பன்னிரண்டுக்கு இறக்கிக் கூடத்தின் கூரையில் ஏற்ற அறுபது நாள் வேண்டும். கூரைக்கு மேல் கதிர்வீச்சைத் தடுக்க இரண்டு மீட்டர் மண் வரும். என் அறையில் ஒருவர்தான் படுக்கலாம். வருகிறவர்களுக்கு இந்தக் கூடம்தான். மூன்று வருடமாக எனக்குப் பேச்சுத்துணை சூளை விசிறி.

நாள் 1099, 16:40
கப்பலிலிருந்து ஜெபராணி: "அண்ணாச்சி, நாங்க ஏழு பேரும் நாப்பது நாள்ல வந்துருவோம். கூடம் ரெடியாகலைன்னா சொல்லுங்க, இருவது நாளு மேலேயே சுத்திக்கிட்டு கெடப்போம்."
"அதெல்லாம் வேண்டாம்மா, வாங்க" என்றேன்.

நாள் 1100, 06:00
சூளை 85 டிகிரி. முப்பது நாளில் முடிக்க, தெரிந்தேதான் ஏற்றினேன். வேகமாகச் சுட்டால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடைசியில் நீராவி கொடுத்துச் சரிசெய்துவிடலாம்.

நாள் 1130, 17:15
உத்தரம் ஏறியது, மண்ணும் ஏறியது. வெளியே ஒரு கீறல் இல்லை. ஈரமானி 11 காட்டியது. ரேடியோவைக் கூடத்துக்கு மாற்றி, ஏழு தட்டுகளையும் அங்கே கழுவி வைத்தேன்.

நாள் 1137, 11:20
முக்காலி செய்ய மிச்சத் துண்டை அறுத்தேன். உள்ளே தேன்கூடு மாதிரி வெடிப்பு. ஈரமானியின் ஊசி கால் அங்குலம்தான் இறங்கும். தோலை அளந்துவிட்டு மரத்தை அளந்ததாக நினைத்திருக்கிறேன். பதினொன்றும் ஒரே சூளையில் வெந்தவை; மேலே உள்ள மண்ணை அதிக நாள் தாங்கா.

12:30
சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். மனித முகம் பார்க்க அவ்வளவு ஆசை.

12:50
ஜெபராணியிடம் சொல்லிவிட்டேன்.
"புது மரம் காய எத்தன நாளு அண்ணாச்சி?"
"அறுவது."
கப்பலின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு வந்தாள்: "இருவது நாளுக்கு மேல சுத்துனா திரும்பிப் போகச் சாப்பாடு தாங்காது. திரும்புதோம். அடுத்த கப்பலுக்கு ரெண்டு வருசமாகும். நீங்க அந்தக் கூடத்துப் பக்கம் போகாதீங்க, என்ன?"
ரேடியோ கூடத்தில்தான் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை.

நாள் 1139, 09:00
அவர்கள் வந்திறங்க வேண்டிய நாள். கூரை அசையாமல் நிற்கிறது. ஒருவேளை நின்றேவிட்டால்? இருபது நாள் பொறுக்காமல் இரண்டு வருடத்தை வாங்கிக்கொண்டேன்.

நாள் 1146, 13:05
கூரை விழுந்தது. சாப்பாட்டு வேளை. நான் சூளையில் இருந்தேன். ரேடியோ, தட்டுகள், எல்லாம் மண்ணுக்கடியில். நான் சொல்லாமல் விட்டிருந்தால் ஏழு பேரும் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இதை ஜெபராணியிடம் சொல்லக்கூட வழியில்லை.

நாள் 1147, 07:10
புதிதாகப் பதினொரு உத்தரங்கள் உள்ளே போயின. இந்தக் குறிப்பை எடுப்பவருக்கு: இவற்றின் கீழே நம்பி உட்காரலாம்.
சூளை 45 டிகிரி. இனி அவசரமில்லை.